தரையில் சொட்டு இல்லை, டேங்கில் கூலன்ட் குறைகிறது

எங்கள் வீட்டு டீசல் காரில் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) மேக்ஸிமம் கோட்டிலிருந்து மினிமம் கோட்டுக்கு மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. வண்டி நிற்கிற இடத்தில் பொட்டு ஈரம் இல்லை. ஒர்க்ஷாப்பில் பானெட்டைத் திறந்ததுமே "ரேடியேட்டர் மாத்திடலாம் சார்" என்றார்கள். எங்கே கசிகிறது என்று கேட்டால் பதில் இல்லை. இடம் தெரியாமல் பாகத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. வண்டியை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில்தான் கூலன்ட் டேங்க் மூடியில் கை வைத்தேன். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் திறந்தால் பொங்கி முகத்தில் அடிக்கும்.

ஏசி போட்டு ஓடவிட்டதில், அடியில் விரித்த அட்டையின் இடப்பக்கம் நனைந்தது. தொட்டால் வெறும் தண்ணீர். அது ஏசி தண்ணீர்தான். கூலன்ட் என்றால் விரலில் வழவழக்கும், தித்திப்பான வாசனை வரும். நாக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். தித்திப்புக்காக நாயும் பூனையும் நக்கிவிடும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

அப்புறம் டார்ச். ஈரத்தை விட்டுவிட்டுக் காய்ந்த கூலன்ட் தடத்தைத் தேடினேன். ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் ஓரம் எல்லாம் சுத்தம். வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால், கீழ்ப்பக்கமாக, இளஞ்சிவப்பாக உப்புப் பூத்த ஒரு கோடு. பம்ப் சீல் தேய்ந்தால் கசிவு வெளியே வரட்டும் என்றே அங்கே சின்னத் துளை விட்டிருப்பார்கள். கசிந்தது சூடான இன்ஜினில் பட்டு ஆவியானதால் தரைக்கு வரவே இல்லை.

தெரிந்த மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்டர் (கூலன்ட் பாதையில் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் கருவி) இரவல் வாங்கி, மூடியில் போட்டிருந்த 1.1 பார் வரைக்கும் காற்றடித்தேன். முள் மெதுவாக இறங்கியது. துளையில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, விழுந்தது. பம்பையும் கூலன்டையும் மாற்றியாயிற்று. ரேடியேட்டர் பழையதேதான், அளவு கோட்டிலேயே நிற்கிறது.

*

அண்ணே, என் வண்டியிலும் தரையில் சொட்டு இல்லை. ஆனால் முன்பக்கம் இடது சீட்டில் கால் வைக்கும் மேட் ஈரம், முன் கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் பிசுக்கு. ஏசி டிரெயின் (ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய்) அடைப்பு என்றார்கள். வெள்ளைத் துணியை ஒற்றி எடுத்தேன், என் கூலன்டின் பச்சை ஏறியது. ஹீட்டர் கோர், அதாவது டாஷ்போர்டுக்குள் சூடான கூலன்ட் ஓடும் குட்டி ரேடியேட்டர், போயிருந்தது. டாஷ்போர்டைக் கழற்றித்தான் வேலை முடிந்தது.

*

வெளியிலும் இல்லை, உள்ளே மேட்டிலும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது டேங்கில் விடாமல் குமிழி, சூடான பிறகும் அடங்காத வெள்ளைப் புகை, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பால் காபி நிறத்தில் ஆயில், இதில் எது தெரிந்தாலும் வண்டியை ஓட்ட வேண்டாம். டோ செய்து கொண்டுபோங்கள். என் அப்பாவின் வண்டியை அப்படித்தான் கொண்டுபோனோம், இன்ஜின் பிழைத்தது.