பைத்தான் சர்வர் உங்கள் கணினியோடு நின்றுவிடுகிறதா?

கரும்பலகை
பைத்தானோடு வரும் சர்வர் (பிரவுசர் கேட்கும் கோப்புகளை அனுப்பும் நிரல்) பற்றி வைகைக்கரை எழுதிய தொடக்கநிலை வழிகாட்டியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "டெர்மினலில் பைத்தான்3 -எம் எச்டிடிபி.சர்வர் என்று அடியுங்கள். உங்கள் கணினிக்குள் மட்டும் இயங்கும் சர்வர் தயார்" என்கிறார். முழுத் தவறு. முகவரி எதுவும் கொடுக்காமல் தொடங்கினால் அது கணினியின் எல்லா முகவரிகளிலும் 8000 என்ற போர்ட்டை (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசலை) திறந்துவைக்கிறது. அதே வைஃபையில் இருக்கும் யாரும் உள்ளே வரலாம். கணினியோடு நிற்க வேண்டுமென்றால் --பைண்ட் 127.0.0.1 (இந்தக் கணினியை மட்டும் குறிக்கும் முகவரி) என்று சேர்த்தாக வேண்டும். 3.4 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

வைகைக்கரை
வழிகாட்டி எழுதியவன் நான்தான். ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலை நேரடியாகக் கோப்பிலிருந்து திறந்தால் பிரவுசர் ஏற்பதில்லை என்று திணறும் மாணவர்களுக்காக எழுதினேன். அவர்களுக்கு முதல் நாளே பைண்ட் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா? பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8000 (தன் கணினியின் 8000 போர்ட்) என்று அடிக்கிறார்கள், பக்கம் வருகிறது. வேலை முடிந்தது.

கரும்பலகை
லோக்கல்ஹோஸ்ட்டில் பக்கம் வருவது, வேறு எங்கும் வராது என்பதற்குச் சான்றாகாது. சர்வர் தொடங்கியதும் டெர்மினலில் வரும் முதல் வரியைப் பாருங்கள். 0.0.0.0 என்றோ இரட்டை முக்காற்புள்ளி என்றோ இருக்கும். எல்லா முகவரிகளும் என்பதே அதன் பொருள். நம்பாதவர்கள், திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் -எல்டிஎன் கட்டளையை அடித்துப் பாருங்கள்.

நள்ளிரவு நிரலர்
வீட்டு ரவுட்டர் இருக்கும்போது வெளியிலிருந்து எவன் வரப்போகிறான்? ரவுட்டரில் போர்ட்டைத் திருப்பிவிடாமல் இணையத்திலிருந்து ஒருவராலும் அந்த 8000-ஐத் தொட முடியாது. தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

கரும்பலகை
நான் இணையத்தைப் பற்றிப் பேசவில்லை, அதே வைஃபையைப் பற்றிப் பேசுகிறேன். விடுதி, கல்லூரி ஆய்வகம், அலுவலகம் எல்லாம் உங்கள் வீடா? என் கைப்பேசியில் மடிக்கணினிக்கு வைஃபையில் கிடைத்த 192.168 முகவரியையும் 8000-ஐயும் அடித்தேன். கோப்புறையில் முகப்புப் பக்கமான இன்டெக்ஸ் கோப்பு இல்லாததால் முழுப் பட்டியலும் வந்து நின்றது. புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் அதில் இருந்தன. நிரலின் மாற்ற வரலாறு இருக்கும் கிட் கோப்புறை, கடவுச்சொல் எழுதிவைத்த என்வி கோப்பு, எல்லாம். தொட்டால் இறங்குகிறது. டெர்மினலில் கைப்பேசியின் முகவரியோடு, வெற்றியைக் குறிக்கும் 200 என்ற பதிவும் வந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நள்ளிரவு நிரலர்
கடவுச்சொல்லைக் கோப்புறையில் போட்டுவைப்பது சர்வரின் குற்றமா? வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் எதற்கு இருக்கிறது?

கரும்பலகை
உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். விண்டோஸ் அனுமதி கேட்கும், மாணவன் யோசிக்காமல் 'சரி' அழுத்துவான். நான் கேட்பதெல்லாம் 127.0.0.1 என்ற ஒரு சேர்க்கை. அதை எழுத வைகைக்கரைக்கு என்ன தடை?

பழைய துடுப்பு
இதனால்தான் பிஎச்பி மொழியே மேல் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். 2012-இல் 5.4 பதிப்போடு வந்த சர்வரில் முகவரியையும் போர்ட்டையும் நீங்களே எழுதியாக வேண்டும். எழுதாமல் தொடங்கவே தொடங்காது.

நள்ளிரவு நிரலர்
வந்துவிட்டார் பிஎச்பி தூதர். அந்தச் சர்வர் இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். பைத்தான் 3.7-இலிருந்து ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இழை (மற்றவற்றோடு இணையாக ஓடும் வேலை) ஓட்டுகிறது. போன ஆண்டு அப்பாச்சி சர்வர் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் எண் எதுவும் தெரியாமல் நுழைந்தீர்கள்.

பழைய துடுப்பு
அந்த விவாதத்தில் எனக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள். 7.4-இலிருந்து பிஎச்பியிலும் கோரிக்கைகளைப் பகிர்ந்து கவனிக்கும் பல பணியாளர் செயல்முறைகளை வைத்து ஓட்டலாம். ஆவணத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

மழைக்காகம்
ஒரு சந்தேகம். இதே பைத்தான் சர்வரில் வீடியோ வைத்தேன். நடுவில் தாவிப் பார்க்க முடியவில்லை. என்ன அமைப்பு மாற்ற வேண்டும்?

வைகைக்கரை
அமைப்பில் ஒன்றும் இல்லை. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் கோரிக்கையை அது கண்டுகொள்வதில்லை, முழுக் கோப்பையும் அனுப்பிவிடும். என்ஜின்எக்ஸ் அல்லது கேடி போன்ற வேறு சர்வர் போடுங்கள். இப்படி உருப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் நான் எழுதுகிறேன். வழிகாட்டியால் பயன்பெற்றவர்கள் குறை சொல்லவில்லை, எழுதாதவர்கள்தான் சொல்கிறார்கள்.

கரும்பலகை
நான் எழுதியிருக்கிறேனா இல்லையா என்பதா இப்போது கேள்வி? பைத்தான் ஆவணமே இந்தச் சர்வரை உண்மையான தளங்களை இயக்கப் பரிந்துரைக்கவில்லை, அடிப்படைப் பாதுகாப்புச் சோதனைகள் மட்டுமே இருப்பதாக எச்சரிக்கிறது. கோப்புறைக்கு வெளியே சுட்டும் குறியீட்டு இணைப்பு இருந்தால் அதையும் பின்தொடர்ந்து போய்க் கொடுத்துவிடும். இவ்வளவு தளர்வான ஒன்றை எல்லா முகவரிகளிலும் திறந்துவைத்துவிட்டு, கணினிக்குள் மட்டும் என்று மாணவனிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நள்ளிரவு நிரலர்
ரவுட்டர் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

கரும்பலகை
இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை: அதே வைஃபை. வாடகை விபிஎஸ்ஸில் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் கணினியில்) இதே வரியை அடிப்பவனுக்குப் பெரும்பாலும் ரவுட்டரும் கிடையாது, பொது முகவரி நேராக இயந்திரத்தில் இருக்கும்.

வைகைக்கரை
என் வழிகாட்டியில் விபிஎஸ் என்ற பேச்சே இல்லை. கைப்பேசியில் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க விரும்பும் மாணவனுக்கு எல்லா முகவரிகளிலும் திறப்பதே வசதி. பைண்ட் சேர்த்தால் அது போய்விடும்.

கரும்பலகை
ஆக, கைப்பேசியிலிருந்து திறக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். பிறகு ஏன் 'கணினிக்குள் மட்டும்' என்று எழுதினீர்கள்? வழிகாட்டியில் அந்த வரி இந்த நிமிடம் வரை அப்படியே இருக்கிறது.

வைகைக்கரை
இருக்கும். மாற்றப்போவதில்லை.

பழைய துடுப்பு
7.4 பற்றி நான் சொன்னதற்கு நள்ளிரவு நிரலர் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதை அனைவரும் கவனிக்கவும்.