காவிரி டெல்டா மாறுன கதைய துணியில கொண்டு வரணும், கலம்காரியா ஆரியா?

மாயவரம்_ஊசிநூல்:
வணக்கம், ஆரி ஒர்க் பண்றேன், ப்ளவுஸா போட்டு போட்டு அலுத்துப்போச்சு. மனுஷன் நம்ம டெல்டாவ எப்படி மாத்திட்டான்னு பெரிய துணியா ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன், இடது பக்கம் இயற்கை அதாவது ஆறு, பச்சை வயல், வலது பக்கம் போர்வெல் பைப், இறால் குட்டை, எண்ணெய்க் கிணறு. ஊசிக்குப் பதிலா கலம்காரி, அதான் துணியில பேனாவால சாயம் தொட்டு எழுதுற ஓவியம், அது சரிவருமா?

கடைமடை:
அந்த பச்சை வயலே மனுஷன் பண்ணதுதாங்க! 1836ல ஆர்தர் காட்டன் முக்கொம்புல மேலணை கட்டுறதுக்கு முன்னாடி தண்ணி கொள்ளிடத்துக்கே ஓடிட்டு இருந்துச்சு, காவிரி மணல் மேடிட்டு கெடந்துச்சு. அப்புறம் 1934ல மேட்டூர் வந்துச்சு, பாசனத்துக்கு தேதி கிடைச்சுது, ஆனா வண்டல் அணைக்குள்ளயே தங்கிடுது. எங்க நிலத்துல இப்ப மூட்டை உரம்தான். இடது வலதுன்னு கோடு எங்க போடுவீங்க?

சாயக்காரர்:
கலம்காரிலயே இந்த கதை இருக்கு தங்கச்சி. காடாத் துணிய கஞ்சி போக அலசி, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணில முக்கி காய வைக்கணும், பால் கொழுப்பு இல்லன்னா மை பரவிடும். பழைய இரும்பும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி கடுக்காய்ல பட்டதும் கறுக்கும். படிகாரம் தொட்ட எடத்துல மட்டும்தான் வேர்ச்சாயத்துல செவப்பு ஏறும். இதெல்லாம் அலச ஓடுற தண்ணி வேணும், குளத்துல முக்குனா மிச்ச சாயம் திரும்ப துணியிலயே ஒட்டும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடுவாங்க, ஆத்துல அலசணும்னா உங்க வேலையும் அந்த ஷட்டர் கணக்குலதான். ஒரே வயலுக்கு பாதி சாயவேர் செவப்பு, பாதி கடையில விக்கிற ரசாயனப் பொடி செவப்பு போட்டுப் பாருங்க, மனுஷன் மாத்துன கதை அதுலயே தெரியும், எறா குட்டை வரையவே வேணாம்.

கும்பகோணம் பக்கத்துல சிக்கல்நாயக்கன்பேட்டைல இன்னும் கையால எழுதுறாங்க, கருப்பூர் கலம்காரிங்கற நம்ம பக்கத்து வகைக்கு 2021ல புவிசார் குறியீடும் கெடச்சுது. ஒரு தடவ நேர்ல போய் பாத்துட்டு ஆரம்பிங்க.

திருவாரூர்_தேர்:
தட்டையா ஏன் பண்ணணும், தேர்ல தொங்குற தொம்பை மாதிரி உருளையா தைங்க. சுத்தி வந்துதான் பாக்கணும், வயலும் பைப்பும் எங்க சேருதுன்னே தெரியாது. எங்க ஊர்ல அதெல்லாம் துணி வெட்டி ஒட்டுத்தையல்தான், எழுத்து வேலையும் கலந்துக்கலாம்.

மாயவரம்_ஊசிநூல்:
தொம்பை சூப்பர்ணே, கோடு பிரச்சனையும் தீந்துச்சு! சாயக்காரண்ணே, தையல் மட்டும் முன்னாடியே போட்டுடலாமா?

சாயக்காரர்:
வேண்டாம்மா. செவப்புக்கு கொதிக்க வைக்கணும், நூல் சுருங்கி துணி இழுத்துக்கும். சாயம், அலசல், வெயில் எல்லாம் முடிச்சுட்டு கடைசில ஊசி எடுங்க.