முன்வாசல் கதவுக்கும் கடை ஷட்டருக்கும் எந்தப் பூட்டு?

முகிலன்:
வீட்டு முன்வாசல் மரக்கதவு, 35 மிமீ தடிமன், உள்பக்கமாகத் திறக்கும். கைப்பிடியோடு சேர்ந்த மார்டிஸ் பூட்டு (கதவின் விளிம்பில் பள்ளம் தோண்டி உள்ளே பதிப்பது) இருக்கிறது. சாவி போடும் சிலிண்டர், கைப்பிடித் தகட்டைத் தாண்டி 7, 8 மிமீ வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே கண்ணாடி ஜன்னல், உடைத்தால் உள்தாழ்ப்பாளுக்குக் கை எட்டும். கடையில் ஷட்டருக்கு நடுப்பூட்டு ஒன்றுதான். எதை மாற்றலாம்? டிஜிட்டல் பூட்டு சரிவருமா?

தச்சுப்பட்டறை:
முதலில் அந்தச் சிலிண்டரை மாற்றுங்க. அதன் நடுவில் திருகு போகும் துளை இருக்கிறதே, அங்கேதான் உலோகம் ரொம்ப மெல்லிசு. வெளியே நீட்டும் பாகத்தை இடுக்கியால் பிடித்து முறுக்கினால் அந்த இடத்தில் ஒடியும். பிறகு உள்ளே தாழை நகர்த்தும் நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் திருப்பிவிடலாம்.

அளவு எடுக்கும்போது திருகுத் துளையின் மையத்திலிருந்து தகட்டின் வெளிமுகம் வரை, இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கணும். பூட்டு கதவுத் தடிமனின் சரிநடுவில் இருந்தால் பாதித் தடிமன் 17.5, தகடு பக்கத்துக்கு 10 மிமீ என்றால் 17.5 + 10 = 27.5. அப்போ 30/30 (பக்கத்துக்கு 30 மிமீ) சிலிண்டர் சரி, 2.5 மிமீதான் வெளியே தெரியும். 3 மிமீக்கு மேல் விடாதீங்க. திருகுத் துளைக்கு முன்னால் வெட்டுக்கோடு போட்ட சிலிண்டராகப் பாருங்க. முறுக்கினால் முன்துண்டு மட்டும் ஒடியும், நாக்கு பத்திரமாக இருக்கும்.

கழற்ற, கதவின் விளிம்பில் இருக்கும் நீளத் திருகை எடுத்துவிட்டு, சாவியைக் கொஞ்சமாகத் திருப்பி நாக்கு உடலோடு ஒட்டியதும் இழுங்க. புதுசை மாட்டும்போது அந்தத் திருகை ஓவராக இறுக்கினால் சாவி சிக்கும். கதவைத் திறந்து வைத்தே பூட்டிப் பாருங்க.

நிலைவாசல்:
சிலிண்டரோடு நிறுத்தினால் போதாது. உதைக்கும்போது பெரும்பாலும் பூட்டு உடையாது, நிலையில் பதித்த தகடுதான் பெயர்ந்து வரும். பூட்டோடு கொடுக்கும் 20 மிமீ திருகுகளை எடுத்துவிட்டு, நிலை மரத்துக்குள் 60–75 மிமீ போகிற திருகு போடுங்க. 5 மிமீ திருகுக்கு 3 மிமீ துளை முன்கூட்டியே போடணும், இல்லையென்றால் மரம் பிளக்கும்.

பூட்டிலிருந்து நிலைக்குள் போகும் தாழின் நுனியில் சாக்பீஸ் தடவிப் பூட்டிப் பாருங்க. நிலைக் குழியின் அடியில் தடம் விழுந்தால் குழி ஆழம் பத்தவில்லை. முழுசாக வெளியே வராத தாழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடலாம். இரண்டாவது பூட்டு போடுவதானால் இன்னொரு மார்டிஸ் வேண்டாம். 35 மிமீ கதவில் 15 மிமீ பள்ளம் தோண்டினால் பக்கத்துக்கு 10 மிமீதான் மிஞ்சும். பள்ளம் தோண்டாமல் கதவின் உள்முகத்தின் மேல் பொருத்தும் ரிம் பூட்டைத் தோள் உயரத்தில் வையுங்க.

சாரதி:
கண்ணாடி பக்கத்தில் இருப்பதால், உள்ளேயும் சாவி போடுகிற சிலிண்டர் வாங்கினால் என்ன?

நிலைவாசல்:
வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் புகையில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உள்பக்கம் திருகுகுமிழ்தான் இருக்கணும். மாற்ற வேண்டியது கண்ணாடியை. லாமினேட் கண்ணாடி போட்டால், உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். டஃபன்ட் (சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி) இதற்கு உதவாது, ஒரே அடியில் பொடிப்பொடியாகக் கொட்டி வழி விட்டுவிடும்.

இரும்புக்கடை:
ஷட்டருக்கு நடுப்பூட்டு மட்டும் இருந்தால் கீழ்முனைகளைக் கடப்பாரையால் நெம்பிவிடலாம். இரண்டு முனையிலும் தரையோடு பூட்டுகிற ஏற்பாடு வேண்டும். அங்கே மாட்டும் பூட்டின் வளையம் போரான் ஸ்டீல் (வெட்டக் கடினமான எஃகு), 10 மிமீக்குக் குறையாமல், உடலுக்குள் மறைந்ததாக இருந்தால் கட்டர் வாய் நுழையாது. பூட்டு மாட்டும் கொண்டியைத் திருகில் மாட்டாதீங்க. ஊடுருவும் போல்ட் போட்டு, நட்டு கடைக்குள் இருக்கட்டும்.

டிஜிட்டல் வாங்கினால் மூன்று விஷயம் பாருங்க. அது திடமான தாழை ஓட்டுகிறதா, கதவைச் சாத்தினால் தானே விழும் வெறும் ஸ்பிரிங் நாக்கையா? பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வழி இருக்கிறதா? அவசரச் சாவிக்கான சிலிண்டர் எப்படி? இது மட்டமாக இருந்தால் விரல்ரேகை இருந்தும் பயனில்லை.

முகிலன்:
மிக்க நன்றி. சாவி இறுகினால் எண்ணெய் விடலாமா?

தச்சுப்பட்டறை:
விடாதீங்க, தூசியைப் பிடித்து சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதிவிட்டு, சாவியை நாலைந்து தடவை போட்டு எடுத்தால் போதும்.