இயேசுவின் கையிலுள்ள உருண்டையும் காலடியிலுள்ள உருண்டையும் ஒன்றா?

கேள்வி:
வணக்கம். கிறிஸ்தவ ஓவியங்கள் சிலவற்றில் இயேசு சிலுவை பொருத்திய உருண்டையைக் கையில் ஏந்தியிருக்கிறார். சிலவற்றில் உருண்டையின் மீதே அமர்ந்திருக்கிறார். வேறு சிலவற்றில் அவர் கையில் நற்செய்தி நூல் மட்டுமே இருக்கிறது. இறை அதிகாரம் என்ற ஒரே கருத்தைத்தான் இவை மூன்றும் சொல்கின்றனவா?

மறுமொழி 1:
உருண்டை உலகைக் குறிக்கும். ரோமப் பேரரசர்களின் நாணயங்களில் முன்பே இருந்த இச்சின்னத்தின் மேல் 5ஆம் நூற்றாண்டில் சிலுவை ஏறியபோது, ஆள்பவனும் மேலே ஒருவருக்குக் கட்டுப்பட்டவன் என்ற பொருள் சேர்ந்தது. ஆகவே அதை மன்னர்களும் ஏந்தினார்கள். அமர்ந்திருக்கும் கோலத்தின் அழுத்தம் வேறு. இத்தாலியின் ராவென்னா நகரில், 547இல் அர்ச்சிக்கப்பட்ட சான் விட்டாலே ஆலயத்தின் மொசைக் ஓவியத்தில், தாடியில்லாத இளைஞராக, ஊதா நிற உடையில், நீல உருண்டையின் மீது அமர்ந்திருக்கும் இயேசு ஒரு கையால் அந்த ஆலயத்தின் பெயருக்குரிய மறைசாட்சியான புனித விட்டாலிசுக்கு மணிமுடியை நீட்டுகிறார். மறுகையில் விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூல் சொல்லும் ஏழு முத்திரையிட்ட சுருளேடு இருக்கிறது. அதே ஆலயத்தின் பக்கச் சுவரில் பேரரசர் ஜஸ்டினியனும் ஊதா உடையோடும் ஒளிவட்டத்தோடும் காணப்படுகிறார். ஆனால் அவர் நிற்கிறார். கையில் உருண்டை இல்லை, காணிக்கையாகக் கொண்டுவரும் பொன் தட்டுதான் இருக்கிறது. யார் கொடுப்பவர், யார் கொண்டுவருபவர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஓவியத்தை நான் கண்டதில்லை.

மறுமொழி 2:
நூலைப் பற்றி ஒரு சொல். எகிப்தின் சீனாய் மலையடியிலுள்ள புனித கத்தரீன் மடத்தின் 6ஆம் நூற்றாண்டுத் திருவுருவத்தில், மணிகள் பதித்த கனத்த நூலை இடக்கையால் அணைத்தபடி, வலக்கையால் ஆசி வழங்குகிறார் இயேசு. சிசிலியின் செஃபாலு பேராலயத்தில் அந்நூல் திறந்தே இருக்கிறது. "உலகின் ஒளி நானே" என்ற யோவான் நற்செய்தி வாக்கு கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே அதிகாரம் வாக்கில் இருக்கிறது, செங்கோல் தேவைப்படவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், ஆளே இல்லாமல் அரியணையை மட்டும் வரைவது ஏன்?

மறுமொழி 1:
மீண்டும் வரவிருப்பவருக்காக ஆயத்தமாக இருக்கும் அரியணை அது. ராவென்னாவிலேயே உள்ள ஆரியர் (ஆரியுஸ் என்ற குருவின் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள்) திருமுழுக்குக் கூடத்தின் குவிமாடத்தை நிமிர்ந்து பாருங்கள்: ஊதா மெத்தையிட்ட அரியணையில் மணிகள் பதித்த சிலுவை மட்டும் நிற்கிறது. அதை நோக்கிப் பேதுரு திறவுகோல்களோடும் பவுல் சுருளேடுகளோடும் வர, மற்றத் திருத்தூதர்கள் துணியால் மூடிய கைகளில் தங்கள் மணிமுடிகளை ஏந்தி வருகிறார்கள்.