தீம் பார்க் டூருக்கு நாயைக் கூட்டிட்டுப் போனவங்க இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாசம் பிள்ளைங்களோட நாலு நாள் தீம் பார்க் டூர், கார்லதான் போறோம். எங்க ஏழு வயசு லாப்ரடாரை விட்டுட்டுப் போக மனசு வரலை. போன தடவை தெரிஞ்சவங்க வீட்டுல விட்டப்போ, ரெண்டு நாள் தட்டுல வாயே வைக்கலை. கேட் இடுக்குல மூக்கை நீட்டிக்கிட்டே படுத்துக் கிடந்துச்சாம்.

பார்க்குக்குள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுற சேவை நாய்களைத்தான் விடுவாங்க, அது தெரியும். வாசல் பக்கத்துலயே நாய்களுக்குப் பகல்நேரக் காப்பகம் வெச்சிருக்கிற இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம். ரேபிஸ், பார்வோ தடுப்பூசிச் சான்று தயார். நாய்ங்க கூட்டமா இருக்கிற இடத்துல பரவுற கென்னல் இருமலுக்கும் ஊசி போட்டாச்சு.

என் கவலையெல்லாம் ராத்திரி வாணவேடிக்கைதான். தீபாவளிக்கே கட்டிலுக்கு அடியில போய் நடுங்குற ஜீவன் அது! வெடிக்கிறதுக்கு முன்னாடியே நாங்க வந்து கூட்டிட்டுப் போயிடுறதா, இல்லை பயம் குறைய டாக்டர்கிட்ட மருந்து கேக்குறதா? நடுவுல ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போக நாமதான் வந்து நிக்கணுமா, காப்பக ஆளுங்களே பாத்துப்பாங்களா? அறையில நாயைத் தனியா விடக் கூடாதுன்னு ஹோட்டல்ல வேற சொல்லிட்டாங்க.

"கார்லயே விட்டுடுங்க"ன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. வெளிய 21 டிகிரி இருந்தாலே அரை மணி நேரத்துல உள்ள 40 டிகிரி ஆயிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெருசா குறையாது.

போயிட்டு வந்தவங்க, முதல் நாள் எப்படிச் சமாளிச்சீங்கன்னு கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்.