தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்தவர்: நீராவியில் ஓடிய ஒரு மர அறுவை மில்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பகுதியில் நீராவியால் ஓடிய சிறு மர அறுவை மில் ஒன்றில் இளமையில் பயர்மேனாக, அதாவது பாய்லருக்கு நெருப்பு மூட்டிக் கவனிப்பவராக, வேலை பார்த்த பெரியவர் ஒருவரைப் பல ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். நான் வாளைப் பற்றிக் கேட்க, அவர் நீராவியை உண்டாக்கும் பாய்லரைப் பற்றியே பேசினார். வாள் பிடிக்கப் பலருக்குத் தெரியும், மில்லை நடத்தியவர் தண்ணீர்க் கண்ணாடியை, அதாவது பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை, பார்க்கத் தெரிந்தவர்தான் என்றார். யோசிக்க யோசிக்க, அது சரியென்றே எனக்கும் படுகிறது.

மில் வருமுன் தடியை (வெட்டிய மரத்தை) குழியின்மேல் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் குழிக்குள்ளும் நின்று ஈர்வாளை இழுப்பார்கள். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். திருவிதாங்கூர் ஆட்சியில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி ஆகியவை அரசுக்குரிய இராஜ மரங்களாக இருந்தபடியால், பெரியவரின் மில்லுக்குப் பெரும்பாலும் புரையிடங்களில் (வீட்டைச் சுற்றிய தோட்டங்களில்) வளர்ந்த அயினியும் பலாவும் மாவுமே வந்தன.

விடியுமுன்பே நெருப்பு மூட்ட வேண்டும். அவசரப்பட்டு எரித்தால் பாய்லரின் தகடுகள் சீராக விரியாமல், அவற்றை இணைக்கும் ரிவெட் ஆணி மூட்டுகள் கசியும். பச்சை மரத்தின் எடையில் பாதியளவுகூட நீராக இருக்கக்கூடும் என்பதால், அன்று அறுத்துக் கழித்த புறத்துண்டுகளை அன்றே எரிக்காமல் பாய்லரைச் சுற்றி அடுக்கி உலர்த்தினார்கள். மில்லின் கழிவே மில்லுக்கு எரிபொருளாயிற்று. நிலக்கரியையும் மின்சாரத்தையும் எதிர்பாராமல் ஒரு கிராமத்தில் அது நிலைத்ததற்கு இதுவே காரணம்.

கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் இறங்கி, நெருப்பறையின் மேல்தகடு நீருக்கு வெளியே வந்துவிட்டால், அது பழுக்கக் காய்ந்து வலுவிழந்து, அழுத்தம் தாங்காமல் பாய்லரே வெடிக்கலாம். இதற்குக் காவலாக அத்தகட்டில் ஈயம் உருக்கி அடைத்த திருகாணி ஒன்று உண்டு. நீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். தம் காலத்தில் அந்த ஈயம் ஒருமுறைகூட உருகியதில்லை என்று சொன்னபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டப்படி பாய்லரை இயக்கும் சான்றிதழ் எதுவும் 12 மாதங்களுக்கு மேல் செல்லாதிருந்தது. ஆய்வுக்கு முன் பாய்லரைக் குளிரவைத்து, உட்புறம் படிந்த உப்பைச் சுரண்டியவரும் அவரே.

அயினியின் கணுவில் வாள் ஏறும்போது எஞ்சினின் ஓசை கனக்குமாம். வேகம் குறைந்ததும், எஞ்சினின் வேகத்தைச் சீராக்கும் கவர்னரில் சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள் தாழ்ந்து, நீராவி வால்வைக் கூடுதலாகத் திறக்கும். ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரம் தன் சுழற்சியால் பெல்ட்டைத் திணறவிடாது. அவர் இந்த ஓசையைக் கேட்டே விறகை முன்கூட்டிப் போடுவார்.

பின்னர் மின்மோட்டார் வந்தது. பாய்லரைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். அவர் தடி உருட்டும் வேலைக்குப் போனார். அதே மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் இத்தகைய பாய்லர்ச் சான்றிதழ்களும் தடிக் கணக்குப் புத்தகங்களும் எஞ்சியிருந்தால், தயவுசெய்து படமெடுத்துப் பாதுகாத்து வையுங்கள்.