பாய்லர் வெடித்து கை வெந்துவிட்டது, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். என் தங்கை வீட்டுக்காரர் பெருந்துறை பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை. 2025 ஆடியில் பாய்லர் வெடித்து இரண்டு கையும் வெந்துவிட்டது. வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

சம்பளம் 18,000. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பள உச்சவரம்பு அப்போது 21,000 என்பதால் பதிவு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. முதலாளியைக் கேட்டால் "காண்ட்ராக்டர் ஆள்" என்கிறார், காண்ட்ராக்டர் போனையே எடுப்பதில்லை. இப்போது 50,000 தருகிறார்களாம், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டுமாம். தங்கை பயந்து போட்டுவிடுவாளோ என்றிருக்கிறது.

நான் விசாரித்த வரை, விபத்து நடந்தபோது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி காண்ட்ராக்ட் ஆளுக்கும் பட்டறை முதலாளிதான் பொறுப்பு. உரிமையை விட்டுத்தர எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. மனு போட இரண்டு வருடம்தான் கெடு.

என் சந்தேகம் இதுதான்: பதிவே இல்லாதவருக்கு இ.எஸ்.ஐ.யில் ஊனப்படி வாங்க முடியுமா, இல்லை நேராகத் தொழிலாளர் துறையில் மனு போடுவதா? சம்பளச் சீட்டு கிடையாது. கேட் பாஸும் வங்கிக் கணக்குப் பதிவும்தான் இருக்கின்றன, போதுமா? ஈரோட்டில் இந்த மாதிரி வழக்கு நடத்தும் வக்கீல் யாராவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். திங்கட்கிழமை மறுபடி பத்திரத்தோடு வருகிறார்களாம்.